வண்டியில் கோளாறு இல்லை

அக்டோபர் 12, திங்கள்

காய்ச்சல் விட்டது. போன செவ்வாய் மரகதத்துக்கு வந்தது, புதன் எனக்கு. கல்யாணமானதிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த காரியங்கள் குறைவு. இது ஒன்று.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டெங்கு இல்லை, சிக்குன்குனியா இல்லை, ஏதோ ஒரு வைரஸ் என்று டாக்டரம்மா சொன்னார். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், ஓய்வெடுக்க வேண்டும். எத்தனை நாள் என்று மரகதம் கேட்டாள். உடம்பு கேட்கிற வரைக்கும் என்றார். என் உடம்பு இதுவரை எதையும் கேட்டதில்லை. நாளை டூட்டிக்குப் போகிறேன்.

நான் ஓட்டுவது பொள்ளாச்சி – வால்பாறை பஸ். ஆழியார் தாண்டினால் மலை, கொண்டை ஊசி வளைவுகள். எல்லா டிரைவரையும் அந்த ரூட்டில் விடமாட்டார்கள். தீபாவளி நெருங்குகிறது, டிப்போவில் ஆள் இல்லை.

அக்டோபர் 13, செவ்வாய்

முதல் நடை சரியாக இருந்தது. இரண்டாவது நடையில் ஸ்டியரிங் இறுக்கமாக இருந்தது. மெக்கானிக் பொன்னுரங்கத்திடம் சொன்னேன். பார்க்கிறேன் என்றார்.

அக்டோபர் 16, வெள்ளி

மரகதம் இன்னும் தேறவில்லை. சோறு வைக்கிறாள், போய்ப் படுக்கிறாள். எழுந்து வந்து குழம்பு வைக்கிறாள், மறுபடி படுக்கிறாள். ரசம் கொதிக்கிற நேரம்கூட நிற்காமல் முக்காலி போட்டு உட்காருகிறாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. அப்புறம் என்ன என்றேன். அலுப்பாக இருக்கிறது என்றாள்.

வீட்டில் ரவிக்கை தைக்கிறாள். தீபாவளிக்குத் துணி கொண்டுவந்தவர்களை எல்லாம் இந்த வருசம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள். எனக்கு இது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. வாய்விட்டுச் சொல்லவில்லை. முகத்தில் தெரிந்திருக்கும்.

அக்டோபர் 21, புதன்

கிளட்ச் கனமாக இருக்கிறது. வேறு வண்டி கேட்டு வாங்கினேன். அதிலும் கனமாகத்தான் இருந்தது. இந்த டிப்போவில் எல்லா வண்டிக்கும் ஒரே சமயத்தில் கிளட்ச் கெட்டுப்போயிருக்கிறது. பொன்னுரங்கத்திடம் சொன்னேன். அவர் கழற்றிப் பார்த்துவிட்டு என்னையும் சற்று நேரம் பார்த்தார்.

அக்டோபர் 25, ஞாயிறு

வார ஓய்வு. காலையில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் சாயங்காலம் எழுந்தேன். படுக்கும்போது இருந்ததைவிட அசதியாக இருந்தது. மெத்தையில் பஞ்சு கட்டிதட்டிப் போயிருக்கிறது. அடுத்த வாரம் கொடுத்து அடித்து வாங்க வேண்டும்.

குளியலறையில் தரை வழுக்குகிறது. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளிக்கிறேன்.

அக்டோபர் 29, வியாழன்

மலைமேல் அட்டகட்டியில் டீக்கு நிறுத்தினோம். ஸ்டியரிங்கில் தலையை வைத்தேன், ஒரு நிமிடம்தான். எழுந்தபோது பயணிகள் எல்லாரும் டீ குடித்து முடித்துக் கீழே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் அருள்தாஸ் அவர்களிடம், முன்னால் ரோட்டில் மரம் வெட்டுகிறார்கள், அவசரப்படாமல் குடியுங்கள் என்று சொல்லியிருக்கிறான். முன்னால் யாரும் மரம் வெட்டவில்லை.

அருள்தாஸ் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன். என்னோடு வருவதென்றால் டூட்டி மாற்றிக்கூட வருவான். வண்டி கிளம்பும் முன் என் பக்கத்தில் வந்து, "அண்ணே, வீட்ல ஏதும் பிரச்சனையா?" என்றான். இல்லை என்றேன். எல்லாரும் ஏறிய பிறகு ரெண்டு விசில் அடித்தும் நான் வண்டியை எடுக்கவில்லையாம்.

டீக்கடையில் தூளை மாற்றிவிட்டார்கள். முன்பெல்லாம் ஒரு டீ குடித்தால் வால்பாறை வரை தாங்கும்.

நவம்பர் 3, செவ்வாய்

மலையில் மழை. மரகதம் இன்று ஒரு ரவிக்கை தைத்தாள். முழுதாக ஒன்று. கைப்பகுதி தைத்துவிட்டுப் படுத்தாள், மீதியைச் சாயங்காலம் தைத்தாள். முகம் தெளிந்திருக்கிறது.

லீவு போடச் சொல்கிறாள். செருப்பு மாட்டக் குனிந்து நிமிர்ந்தால் எனக்கு மூச்சு வாங்குகிறதாம். செருப்பு இறுக்கம் என்றேன். அவள் செருப்பைப் பார்த்தாள். போன வருசம் வாங்கியது, நன்றாகத் தளர்ந்திருக்கிறது.

நவம்பர் 7, சனி

தீபாவளிக் கூட்டம். டபுள் டூட்டி பார்த்தேன். இன்று நன்றாக இருந்தேன். சொல்லப்போனால் ரொம்ப நன்றாக.

நவம்பர் 8, ஞாயிறு

தீபாவளி. எழுந்திருக்கவில்லை. பட்டாசுச் சத்தம் அதிகம்.

நவம்பர் 10, செவ்வாய்

நடந்ததை எழுதிவைக்கிறேன்.

மதியம் வால்பாறையிலிருந்து இறங்கினோம். நல்ல மழை, மஞ்சு மூட்டம். பண்டிகை முடிந்து திரும்புகிற கூட்டம், நிற்கவும் ஆள் இருந்தார்கள். அட்டகட்டி தாண்டி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவு கண்ணுக்கு வந்தது. ஒடிக்கத் தயாரானேன். அப்புறம் பார்த்தால் அந்த வளைவு பின்னால் இருந்தது. எப்படி ஒடித்தேன், எந்த கியரில் ஒடித்தேன், எதிரில் வண்டி வந்ததா, ஒன்றும் தெரியவில்லை. தூங்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. நடுவில் கொஞ்சம் ரோடு காணாமல் போயிருந்தது.

அடுத்த வளைவுக்கு முன் பிரேக்கில் கால் வைத்தேன். கால் நடுங்கியது. கை ஸ்டியரிங்கின் மேல் இருந்தது, ஆனால் யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன கை போல இருந்தது. ரோடு அகலமான ஓரிடத்தில் மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் போட்டேன். அருள்தாஸைக் கூப்பிட்டு சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னேன்.

வைத்துவிட்டு நனைந்தபடி வந்தான்.

"என்னண்ணே?"

"கிளட்ச் போயிருச்சு" என்றேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதைக் கேட்டான். பிறகு என் காலைப் பார்த்தான். பிறகு பயணிகள் பக்கம் திரும்பி, கிளட்ச் போய்விட்டது, பின்னால் வருகிற வண்டியில் ஏற்றிவிடுகிறேன், யாரும் சத்தம் போட வேண்டாம் என்றான். சிலர் சத்தம் போட்டார்கள். ஒருவர் எனக்குக் கேட்கும்படி, இந்த டப்பா வண்டிகளை மலைக்கு அனுப்புகிறவனை உதைக்க வேண்டும் என்றார்.

கைக்குழந்தையோடு ஓர் எஸ்டேட் அம்மா. இறங்கும்போது என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்று, "நல்ல நேரத்துல கண்டுபிடிச்சு நிறுத்துனீங்கண்ணே. நல்லா இருப்பீங்க" என்றார்.

டிப்போ ஜீப்பில் பொன்னுரங்கம் வந்தார். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார், ஏறி உட்கார்ந்தார், கியர் போட்டார். வண்டி கிளம்பியது. ஆழியார் வரை அவரே ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் கிளட்ச் வெண்ணெய் போல இறங்கி ஏறியது. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 11, புதன்

லீவு. ஜலதோஷம் என்று சொல்லச் சொன்னேன்.

நவம்பர் 13, வெள்ளி

அருள்தாஸ் வீட்டுக்கு வந்தான். பொன்னுரங்கத்துக்கு மெமோ கொடுத்திருக்கிறார்களாம். பழுதான கிளட்சோடு மலைக்கு வண்டி அனுப்பியதற்கு விளக்கம் கேட்டு. அடுத்த வருசம் அவருக்கு ஃபோர்மேன் பதவி வர வேண்டியது. இது ரெக்கார்டில் ஏறினால் வராது. கிளட்சில் குறையே இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் டிரைவர் ஏன் நிறுத்தினார் என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு அவர் பதில் சொல்லவில்லையாம்.

"நான் எதுவும் பேசலண்ணே. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான் நானும்" என்றான். காபி குடித்துவிட்டுப் போனான்.

மரகதம் தைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். மெஷினை நிறுத்தினாள்.

"வண்டியில என்னங்க கோளாறு?"

கிளட்ச் என்றேன். மறுபடி தைக்க ஆரம்பித்தாள். அந்த மெஷின் அவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது.

நவம்பர் 14, சனி

டிப்போவுக்குப் போனேன். கிளை மேலாளர் உட்காரச் சொன்னார். வழக்கமாக நின்றே பேசுவேன், இன்று உட்கார்ந்தேன்.

"சார், வண்டியில கோளாறு இல்லீங்க. கோளாறு எனக்குத்தானுங்க" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றினார். "குடிச்சிருந்தீங்களா?"

"இல்லீங்க சார்."

"பின்ன?"

"அலுப்புங்க."

குடித்திருந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். அதற்கு விதி இருக்கிறது. காய்ச்சல் வந்ததையும், விட்ட மறுநாளே வண்டி ஏறியதையும், வளைவு காணாமல் போனதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. வண்டியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று மட்டும் கேட்டார். நிற்கவும் ஆள் இருந்தார்கள் என்றேன். பொய் சொன்னதற்கு எனக்கு மெமோ உண்டு, பொன்னுரங்கத்தின் மெமோவை ரத்து செய்கிறேன், டாக்டர் எழுதிக்கொடுக்கும் வரை நீங்கள் ஸ்டியரிங் பக்கம் போகக்கூடாது என்றார்.

வெளியே வந்தேன். ஷெட்டில் பொன்னுரங்கம் நின்றிருந்தார். விசயம் எனக்கு முன்னால் அங்கே போய்விட்டது. நான் கிட்டே போனதும் அவர் ஒரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். நியாயம்தான்.

நவம்பர் 19, வியாழன்

ரத்தம், சிறுநீர், இசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தார்கள். ரத்தசோகை இல்லை. தைராய்டு சரி. சர்க்கரை இல்லை. சிறுநீரகம், ஈரல், இதயம் சரி. ஒவ்வொன்றாக நார்மல், நார்மல் என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏதாவது ஒன்றில் மாட்டியிருந்தால் மாத்திரை கொடுத்திருப்பார்.

ரிப்போர்ட் நார்மல் என்றால் நோயே இல்லை என்று அர்த்தமா என்று மரகதம் கேட்டாள். அப்படி இல்லை என்றார் டாக்டரம்மா. வைரஸ் போய்விட்டாலும் அதை எதிர்த்து நின்ற உடம்பு உடனே அடங்கிவிடுவதில்லை, சிலருக்கு அது மாதக்கணக்கில் இழுக்கிறது, தூக்கம் தூக்கமாக இருப்பதில்லை, எழுந்து நின்றால் நாடி ஓடுகிறது, ஞாபகம் நடுவில் விட்டுப்போகிறது. ஏன் சிலருக்கு மட்டும் என்பது இன்னும் சரியாகத் தெரியவில்லை. அவர் தெரியவில்லை என்றபோது எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

ஒரே காய்ச்சல்தானே, இவள் எப்படித் தேறினாள் என்று கேட்டேன். அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனால் காய்ச்சல் விட்ட மறுநாளே மலையேறியது உதவியிருக்காது என்றார்.

மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். "காய்ச்சலுக்கு அப்புறம் ஒரு தடவகூட சிரிக்கலீங்க இவரு" என்றாள் மரகதம். அதை யாராவது கவனிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

மருந்து இல்லை. களைத்த பிறகு படுப்பதில் பிரயோசனமில்லை, களைப்பதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டுமாம். நன்றாக இருக்கிற நாளில்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமாம். மெடிக்கல் லீவுக்கு எழுதிக்கொடுத்தார்.

டிசம்பர் 2, புதன்

இன்று நன்றாக இருந்தேன். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். ஒட்டடை அடித்தேன். சந்தைக்குப் போய்க் காய் வாங்கி வந்தேன். மரகதம் போதும் போதும் என்றாள். நோய் போய்விட்டது என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை டாக்டரைப் பார்த்து, வண்டி ஓட்டலாம் என்று ஃபிட் சர்டிபிகேட் வாங்க வேண்டும்.

டிசம்பர் 3, வியாழன்

முடியவில்லை.

டிசம்பர் 5, சனி

இன்று எழுந்து உட்கார்ந்தேன். தலை சீவக் கையைத் தூக்க முடியவில்லை. மரகதம் சீவிவிட்டாள். வகிடு வேறு பக்கம் எடுத்துவிட்டாள். சொல்லவில்லை.

டிசம்பர் 14, திங்கள்

பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு காரணம் கொண்டுவருகிறார்கள். பக்கத்து வீட்டம்மா கண்பட்டிருக்கிறது என்றார். பால்காரர் ஈரல் சூடு, கீழாநெல்லி அரைத்துக் குடியுங்கள் என்றார். யூனியன்காரர் ஆட்டுக்கால் சூப் சொன்னார். மரகதத்தின் தம்பி சென்னிமலையிலிருந்து வந்து, "டிரைவர் வேலையில உக்காந்துட்டேதானுங்க மாமா இருக்கறீங்க, அதுல என்ன அலுப்பு?" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. மரகதம் அவனுக்குச் சாப்பாடு போட்டாள். இரண்டாவது தடவை ரசம் ஊற்றவில்லை.

சூப் மட்டும் குடித்தேன். ருசியாக இருந்தது. வேறு பலன் இல்லை.

டிசம்பர் 27, ஞாயிறு

எங்கள் தெருமுனையில்தான் வால்பாறை வண்டி திரும்பும். ஹாரன் அடிக்கிற விதத்தில் யார் ஓட்டுகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். இன்று மதியம் அடித்தது யார் என்று தெரியவில்லை. புது ஆளைப் போட்டுவிட்டார்கள்.

கண்ணில் தண்ணீர் வந்தது. தூசி. ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். சாத்தித்தான் இருக்கிறது என்றாள் மரகதம். துணியை ஓரமாக வைத்துவிட்டு வந்து கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"திரும்ப மேல ஓட்ட முடியலீன்னா?" என்று கேட்டேன்.

"முடியலீன்னா கீழ ஓட்டுங்க."

"அதுவும் முடியலீன்னா?"

கொஞ்சம் யோசித்தாள். "கை வேலைக்கு ஆள் வேணுமுங்க. ரவிக்கைக்கு கொக்கி வெச்சுக் குடுங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுத் தைக்கப் போனாள்.

ஜனவரி 15, வெள்ளி

பொங்கல். பாதிக் கரும்பு வெட்டினேன். உட்கார்ந்தேன். மீதிப் பாதியை வெட்டினேன். கரும்புக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

பிப்ரவரி 9, செவ்வாய்

கோயில் வரை நடந்து திரும்பினேன். இன்னும் கொஞ்சம் போகலாம் போல இருந்தது. போகவில்லை. இதற்கு நடப்பதைவிட அதிகத் தெம்பு வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 22, திங்கள்

சனிக்கிழமை ஒரு கல்யாணம், வரிசையில் நின்று சாப்பிட்டேன். நேற்றும் இன்றும் படுக்கை. முன்பு இப்படி விழுந்தால் ஒரு வாரம் ஆகும். மரகதம் இதை முன்னேற்றம் என்கிறாள்.

மார்ச் 8, திங்கள்

டிப்போவில் லேசான வேலை கொடுத்திருக்கிறார்கள். டைம் கீப்பருக்குப் பக்கத்தில் நாற்காலி. வண்டி போகிற நேரம், வருகிற நேரம் எழுத வேண்டும். சக டிரைவர்கள் என்னைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள். இரண்டு பேர் தனியாக வந்து, தங்களுக்கும் காய்ச்சலுக்குப் பிறகு இப்படித்தான் இருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை என்றார்கள். டாக்டரம்மா பெயரைச் சொன்னேன். ஒருவர் மட்டும் குறித்துக்கொண்டார்.

சாயங்காலம் பொன்னுரங்கம் வந்தார். கையில் இரண்டு டீ. ஒன்றை என் மேஜைமேல் வைத்தார். நவம்பருக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியதில்லை.

"கிளட்ச் எப்படி இருக்குதுங்க?" என்றார்.

"தேவலீங்க" என்றேன்.

டீ குடித்தோம். அவருக்கு ஃபோர்மேன் ஆர்டர் வந்துவிட்டதாம். போகும்போதுதான் சொன்னார்.

ஏப்ரல் 19, திங்கள்

ஃபிட் கிடைத்தது. சமவெளிக்கு மட்டும். மலைக்கு ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா எழுதியிருக்கிறார். முதல் நாள் உடுமலை, ஒரு நடை. நேர் ரோடு, இருபக்கமும் தென்னை. ஓட்டிவிட்டு வந்து படுத்தேன். தூங்கினேன். எழுந்தபோது தூங்கி எழுந்த மாதிரி இருந்தது.

மே 15, சனி

கோடை விடுமுறைக் கூட்டம். வால்பாறைக்கு ஸ்பெஷல் வண்டி போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பிள்ளைகுட்டிகளோடு சனங்கள். நான் உடுமலை நடை முடித்து இறங்கினேன். கிளை மேலாளர் தானே நேரில் வந்தார். ஒரு டிரைவர் வரவில்லை, வண்டி நிற்கிறது, ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஒரே ஒரு நடை. மேல கொண்டுபோய் விட்டுட்டு அங்கயே தங்கிக்கங்க. நாளைக்கு நிதானமா வரலாம். பேப்பரெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார்.

அந்த வண்டியைப் பார்த்தேன். புது வண்டி. அருள்தாஸ் படியில் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான், பிறகு தலையைக் குனிந்து டிக்கெட் மெஷினைத் தட்டிக்கொண்டிருந்தான். இன்று உடம்பு நன்றாக இருந்தது. கையில் நடுக்கம் இல்லை. ஓட்டியிருப்பேன். ஒரு நடை ஓட்டியிருப்பேன் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது.

"முடியாதுங்க சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்து வேறு யாரையோ கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு ஆள் வந்து ஏறினார். வண்டி கிளம்பிப் போயிற்று.

அவ்வளவுதான். இத்தனை வருசமாக அந்தச் சொல்லைச் சொன்னால் ஏதோ நடந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தேன். மரகதம் மாம்பழம் நறுக்கி வைத்திருந்தாள். அவளும் எதிரில் உட்கார்ந்தாள். இருவரும் சேர்ந்து சாப்பிட்டோம்.